தாய்லாந்து போகிறீர்களா? டிக்கெட் எடுப்பது முதல் வீடு திரும்புவது வரை

சென்னையிலிருந்து பாங்காக்குக்கு விமானத்தில் மூன்றரை மணி நேரம்தான். விசா நடைமுறையும் எளிது, செலவும் கைக்கு அடங்கும். அதனால்தான் முதல் வெளிநாட்டுப் பயணம் என்றாலே நம்மில் பலருக்குத் தாய்லாந்து நினைவுக்கு வருகிறது. கல்லூரி நண்பர்கள் சேர்ந்து போகிறார்கள், அறுபது வயதுக்கு மேல் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஆனால் இப்படி எளிதாகப் போய்வர முடிவதாலேயே, அமெரிக்கா போகிறவர் செய்யும் தயாரிப்பில் பாதிகூட நாம் செய்வதில்லை.

அங்கே நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் சிக்கல்களில் பெரும்பாலானவை இரண்டு வகை. ஒன்று, கையை விட்டுப் போகக் கூடாததைக் கொடுத்துவிடுவது: பாஸ்போர்ட், முன்பணம், கையெழுத்து. இன்னொன்று, கையில் வாங்கக் கூடாததை வாங்கிக்கொள்வது: பிறர் பார்சல், தெரியாத ஊரில் வேலை, காப்பீடு இல்லாத பைக். கீழே வருவதையெல்லாம் இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. பாஸ்போர்ட்டும் பெயரும்

தாய்லாந்தில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக இருக்க வேண்டும். ஐந்தரை மாதம் இருந்தால் சென்னையில் விமான நிறுவனமே ஏற்றாது. காலிப் பக்கங்கள் இருக்கின்றனவா, ஓரம் கிழிந்திருக்கிறதா, தண்ணீர் பட்டுப் பக்கம் உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். சேதமான பாஸ்போர்ட்டோடு போய் அங்கே விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

தமிழர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். விமான டிக்கெட் தளங்களோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் நகரவிடாது. உடனே அப்பா பெயரையோ இனிஷியலையோ இஷ்டத்துக்குப் போட்டுவிடாதீர்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் எழுத்துகள்தான் டிக்கெட்டில் இருக்க வேண்டும். ஒற்றைப் பெயரை எப்படிப் போடுவது என்பதில் ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் அவர்களுடைய உதவி எண்ணில் கேட்டுவிடுங்கள். பிறகு திருத்துவதற்குப் பணமும் போகும், நிம்மதியும் போகும். குடும்பத்தோடு போகிறவர்கள் எல்லாருடைய டிக்கெட்டிலும் பெயர் ஒரே முறையில் இருக்கிறதா என்று பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

குழந்தையை அப்பா அல்லது அம்மா ஒருவர் மட்டும் அழைத்துப் போகிறார் என்றால், மற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழின் நகலும் பையில் இருக்கட்டும். எல்லாரிடமும் கேட்க மாட்டார்கள். கேட்டால் காட்ட ஒன்று வேண்டும்.

2. விசா: போன வருடம் போய் வந்தவர் சொல்வதை நம்பாதீர்கள்

தாய்லாந்தின் விசா விதி நமக்கு எத்தனை வேகமாக மாறியது என்று பாருங்கள். 2023 நவம்பர் தொடக்கம் வரை 2,000 பாட் (தாய்லாந்து நாணயம்) கட்டி, இறங்கும் இடத்தில் 15 நாள் விசா வாங்க வேண்டும். 2023 நவம்பர் 10 முதல் விசா இல்லாமல் 30 நாள் என்றார்கள். 2024 ஜூலை 15 முதல் அது 60 நாள் ஆனது. அந்த 60 நாளைக் குறைக்கலாமா என்ற பேச்சும் அங்கே அரசுக்குள் எழுந்தது. ஆகவே டிக்கெட் எடுக்கும் நாளில் ஒரு முறை, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு இன்னொரு முறை, புதுதில்லியிலுள்ள தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தையோ சென்னையிலுள்ள தாய்லாந்துத் துணைத் தூதரகத்தின் தளத்தையோ பாருங்கள். யூடியூப் வீடியோவில் சொன்னார்கள் என்பது இமிக்ரேஷன் கவுண்டரில் செல்லாது.

விசா விலக்கு என்பது சுற்றிப் பார்க்க மட்டும்தான். அதை வைத்து வேலை செய்யக் கூடாது. எல்லையைத் தாண்டிப் போய் அன்றே திரும்பி வந்து, புது முத்திரை வாங்கி மாதக்கணக்கில் தங்கும் பழக்கத்தையும் தாய்லாந்து இப்போது கடுமையாகப் பார்க்கிறது. நீண்ட நாள் தங்கும் எண்ணம் இருந்தால் முறையாக இ-விசா வாங்கிக்கொண்டு போங்கள்.

3. டிஜிட்டல் வருகை அட்டை

2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் போகும் வெளிநாட்டவர் எல்லாருமே முன்கூட்டி இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். விமானம், கப்பல், தரைவழி எதில் போனாலும் இது உண்டு. கெடாவிலிருந்தும் பினாங்கிலிருந்தும் காரில் ஹாட்யாய் போய்வரும் மலேசியத் தமிழர்களுக்கும் உண்டு.

தாய்லாந்து இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இதை நிரப்ப வேண்டும். அதற்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. இங்கேதான் முதல் ஏமாற்று வேலை தொடங்குகிறது. தேடுபொறியில் தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றம் உள்ள தனியார் தளங்கள் மேலே வரும், பணம் கேட்கும், உங்கள் பாஸ்போர்ட் விவரத்தையும் எடுத்துக்கொள்ளும். அசல் தளம் தாய்லாந்து இமிக்ரேஷன் துறையுடையது. முகவரி ‘ஜிஓ டாட் டிஎச்’ என்று முடியும். பணம் கேட்ட நொடியிலேயே அது அசல் இல்லை என்று தெரிந்துகொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

பாஸ்போர்ட் எண், விமான எண், தங்கும் ஹோட்டலின் முகவரி, எந்த நாடுகளுக்குப் போய்விட்டு வருகிறீர்கள் என்பதையெல்லாம் கேட்கும். குடும்பத்தில் ஒருவரே எல்லாருக்கும் சேர்த்து நிரப்பலாம். முடித்ததும் க்யூஆர் குறியீட்டோடு ஒரு பக்கம் மின்னஞ்சலில் வரும். அதை போனில் சேமியுங்கள், தாளிலும் ஒன்று அச்சிடுங்கள். இறங்கும் இடத்தில் போன் சார்ஜ் தீர்ந்து, வைஃபையும் கிடைக்காமல் நிற்கும்போது அந்தத் தாள் கைகொடுக்கும். இது விசா இல்லை. விசா தேவைப்படும் நிலை வந்தால் அதைத் தனியாக வாங்க வேண்டும்.

4. காப்பீடும் மருந்தும்

பயணக் காப்பீடு கட்டாயம் இல்லை. ஆனால் அது இல்லாமல் போக வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வேன், பெற்றோரோடு போகிறவர்களுக்கு இரண்டு மடங்கு அழுத்தமாக. பாங்காக்கின் தனியார் மருத்துவமனைகள் மிக நல்லவை, கட்டணமும் அதற்கேற்ப இருக்கும். பல இடங்களில் முன்பணமோ காப்பீட்டு உறுதியோ இல்லாமல் சிகிச்சை நகராது. பாலிசி வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய்க்குச் செல்லுமா? இரு சக்கர வாகன விபத்துக்குச் செல்லுமா? பாராசெயிலிங், ஸ்கூபா போன்ற நீர் விளையாட்டுகளுக்குச் செல்லுமா? மூன்றிலும் ‘இல்லை’ என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும் பாலிசிகள் நிறைய இருக்கின்றன.

வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு, ஆங்கிலத்தில் எழுதிய மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். வலிக்கான டிரமடால், கோடீன் கலந்தவை, பதற்றத்துக்கும் தூக்கத்துக்குமான அல்பிரசோலம் போன்றவை அங்கே கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகள். இவற்றில் எதையாவது சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டுமா என்று தாய்லாந்தின் உணவு மருந்து நிர்வாகத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

டெங்கு அங்கேயும் உண்டு, கொசு விரட்டும் களிம்பு வையுங்கள். வெறிநாய்க்கடி நோயும் உண்டு. சில ஊர்களிலும் தீவுகளிலும் குரங்குகள் தோளில் ஏறி உட்காரும், படமெடுக்க அழகாகத்தான் இருக்கும். கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புத் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்குங்கள். ‘ஊருக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை இது. குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வடக்கே சியாங் மாய் பக்கம் காட்டையும் வயலையும் எரிக்கும் புகை சூழ்ந்திருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மாதங்களில் தெற்கே போவது நல்லது.

5. பணம்

இந்தியாவிலிருந்து ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் வரைதான் வெளிநாட்டு நோட்டாகக் கொண்டுபோகலாம். மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டி ஏற்றி வைக்கும் அட்டை) ஏற்றிக்கொள்ளுங்கள். கையில் ஆளுக்கு 20,000 பாட் மதிப்புக்குப் பணம் இருக்கட்டும். இமிக்ரேஷன் அதிகாரி ‘செலவுக்குப் பணம் காட்டு’ என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு, கார்டைக் காட்டினால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை.

பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் பெட்டி எடுக்கும் இடத்திலேயே கண்ணில் படும் வங்கிக் கவுண்டர்களில் விகிதம் குறைவு. அடித்தளத்துக்கு இறங்குங்கள், நகர ரயில் புறப்படும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பணமாற்றுக் கடைகளில் நல்ல விகிதம் கிடைக்கும். ஏடிஎம்மில் வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் அந்த வங்கியே பிடிக்கும், நம் வங்கி தனியாகப் பிடிக்கும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காமல் சேர்த்து எடுங்கள். திரையில் ‘ரூபாயில் மாற்றிக் கணக்கிடட்டுமா’ என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். கடையில் கார்டு தேய்க்கும்போதும் ரசீது பாட்டில்தான் இருக்க வேண்டும். ரூபாயில் காட்டுகிறார்களே என்று ஒப்புக்கொண்டால் அவர்கள் வைத்த விகிதத்தில்தான் கழியும்.

6. சென்னை விமான நிலையத்தில்

தனியாகப் போகும் இளைஞர்களை நம் இமிக்ரேஷன் அதிகாரிகள் கொஞ்சம் அதிகமாகவே கேள்வி கேட்பார்கள். எங்கே தங்குகிறாய், எப்போது திரும்புகிறாய், என்ன வேலை செய்கிறாய், பணம் யார் கொடுத்தது. கோபப்படாதீர்கள், அதற்கு வலுவான காரணம் உண்டு, கீழே வேலை மோசடி பற்றிச் சொல்லும்போது புரியும். திரும்பும் டிக்கெட், ஹோட்டல் பதிவு, வேலை செய்யும் இடத்தின் அடையாள அட்டை அல்லது விடுப்புக் கடிதம் எடுத்துப் போங்கள்.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் ‘இசிஆர்’ (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்ற குறிப்பு இருக்கும். இந்தச் சோதனைக்கு உட்பட்ட 18 நாடுகளில் தாய்லாந்தும் மலேசியாவும் உண்டு. வேலைக்குப் போனால்தான் குடிபெயர்வு அனுமதி வேண்டும், சுற்றுலாவுக்கு வேண்டாம். இருந்தாலும் சுற்றுலாதான் போகிறோம் என்பதைக் காட்டும் காகிதங்கள் இவர்களிடம் கச்சிதமாக இருக்க வேண்டும்.

பவர் பேங்கைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். தாய் ஏர்வேஸ் 2025 மார்ச் 15 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கால் சார்ஜ் போடுவதையே தடை செய்திருக்கிறது.

7. தாய்லாந்து இமிக்ரேஷன் கவுண்டர்

வரிசையில் நிற்கும்போதே பாஸ்போர்ட், வருகை அட்டை, திரும்பும் டிக்கெட், ஹோட்டல் முகவரி நான்கும் கையில் இருக்கட்டும். கேட்டதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்லுங்கள். குழுவில் ஒவ்வொருவருக்கும் ஹோட்டல் பெயர் தெரிந்திருக்க வேண்டும். ‘நண்பனுக்குத்தான் தெரியும், அவன் பின்னால் வருகிறான்’ என்ற பதில் சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

முத்திரை குத்திக் கொடுத்ததும் ஓரமாக நின்று அதைப் படியுங்கள். வந்த தேதிக்குக் கீழே எந்தத் தேதி வரை தங்கலாம் என்று போட்டிருக்கும். இறங்கிய நாளே முதல் நாளாகக் கணக்காகும். நள்ளிரவு தாண்டி இறங்கும் விமானங்களில் வருகிறவர்கள் இதில் ஒரு நாளைத் தவறவிடுவது உண்டு. தேதி தவறாக இருந்தால் அங்கேயே சொல்லித் திருத்துங்கள். காலக்கெடு தாண்டித் தங்கினால் நாளுக்கு 500 பாட் அபராதம், அதிகபட்சம் 20,000 பாட். 90 நாளுக்கு மேல் தாண்டினால் மறுபடி நுழையத் தடை. தானாக விமான நிலையத்துக்கு வராமல் வழியில் போலீஸ் சோதனையில் பிடிபட்டால் தடை இன்னும் நீளும்.

மது ஒரு லிட்டர், சிகரெட் 200 வரை கொண்டுபோகலாம். இ-சிகரெட் மட்டும் வேண்டவே வேண்டாம். தாய்லாந்தில் வேப் கருவியைக் கொண்டுவருவதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம், சிறைத்தண்டனை வரை போகும். தெருவில் விற்கிறார்களே என்று நினைக்காதீர்கள்.

8. ஊருக்குள்

சுவர்ணபூமியில் டாக்சிக்குத் தரைத்தளத்தில் முறையான வரிசை இருக்கிறது. இயந்திரத்தில் சீட்டு எடுத்தால் எந்த எண்ணில் உங்கள் வண்டி நிற்கிறது என்று வரும். மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். விமான நிலையக் கட்டணம் 50 பாட்டும் சுங்கச் சாவடிப் பணமும் தனி. அந்தச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள், ஓட்டுநர் தகராறு செய்தாலோ பை வண்டியில் தங்கிவிட்டாலோ அதுதான் ஆதாரம். உள்ளே வந்து ‘டாக்சி, டாக்சி’ என்று கூப்பிடுகிறவர்களோடு போகாதீர்கள். ரயிலில் நகருக்குள் ஃபாயா தாய் நிலையம் வரை 45 பாட்தான்.

கிராண்ட் பேலஸ் வாசலுக்குப் பக்கத்தில் நல்ல உடை உடுத்திய ஒருவர் வந்து, ‘இன்று பூஜை, மதியம் வரை மூடியிருக்கும், அதுவரை இருபது பாட்டுக்கு டுக்டுக்கில் வேறு கோவில்களைப் பார்த்து வாருங்கள்’ என்பார். அவர் சொன்ன டுக்டுக் (அந்த ஊர் ஆட்டோ) உங்களை ரத்தினக் கல் கடையிலோ தையல் கடையிலோ கொண்டுபோய் நிறுத்தும். அரண்மனை திறந்துதான் இருக்கும். காலை எட்டரைக்குத் திறந்து மாலை மூன்றரை வரை சீட்டு கொடுப்பார்கள். மூடியிருக்கிறதா என்று சொல்ல வேண்டியவர்கள் சீட்டுக் கவுண்டரில் இருப்பவர்கள்தான். தோளும் முழங்காலும் மூடும் உடை போட்டுப் போங்கள். பெண்கள் துறவிகளைத் தொடவோ, கையில் எதையும் நேராகக் கொடுக்கவோ கூடாது. புத்தர் சிலை பக்கம் காலை நீட்டி உட்காரக் கூடாது.

பாங்காக்கில் திக்குத் தெரியாமல் நிற்கும் தமிழருக்குச் சீலோம் சாலை மாரியம்மன் கோவில் நல்ல அடையாளம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது, இன்று தாய் மக்களும் பூமாலையோடு வரிசையில் நிற்கிறார்கள். நவராத்திரி ஊர்வலத்தன்று அந்தச் சாலையில் வாகனம் போகாது, ஹோட்டல் அங்கே எடுத்திருந்தால் பயணத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டை யாரிடமும் அடமானம் வைக்காதீர்கள்

பட்டாயாவிலும் புக்கெட்டிலும் ஜெட் ஸ்கி வாடகைக்குக் கொடுப்பார்கள். அரை மணி ஓட்டிவிட்டு வந்ததும் அடிப்பாகத்தைக் காட்டி, ‘இந்தக் கீறல் நீ போட்டது’ என்று பெரிய தொகை கேட்பது அங்கே வருடக்கணக்காக நடக்கும் மோசடி. பாஸ்போர்ட் அவர்களிடம் இருந்தால் பேரம் பேசவே வழியில்லை. ஜெட் ஸ்கி ஓட்டியே ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள், வண்டி தண்ணீருக்குள் போவதற்கு முன் அடிப்பாகம் உட்பட நான்கு பக்கமும் கடைக்காரர் கண் முன்னால் வீடியோ எடுங்கள். பாஸ்போர்ட்டைக் கேட்டால் அடுத்த கடைக்குப் போங்கள். மிரட்டினால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155ஐ அங்கேயே நின்று அழையுங்கள், ஆங்கிலத்தில் பேசுவார்கள்.

பைக் வாடகையிலும் இதேதான். அதோடு இன்னொன்று: தாய்லாந்தின் சாலை இறப்புகளில் மிகப் பெரிய பங்கு இரு சக்கர வாகனங்களுடையது. நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அதனால் நமக்கு ஒரு துணிச்சல் வந்துவிடுகிறது. தீவுகளில் செங்குத்தான மேடு, திடீர் வளைவு, மணல் பரவிய தார்ச்சாலை. நம் ஊர் ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கலாம், ஒரு வருடம் செல்லும். அதில் இரு சக்கர வாகனத்துக்கும் முத்திரை இருக்கிறதா பாருங்கள். இல்லாமல் விபத்து நடந்தால் காப்பீடு கைவிரித்துவிடும். ஹெல்மெட் பின்னால் உட்காருபவருக்கும் கட்டாயம். ஊரில் தினமும் பைக் ஓட்டாதவர் அங்கே போய்த் தொடங்க வேண்டாம். கிராப், போல்ட் ஆப்களில் கார் கிடைக்கிறது.

கடல்

நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது. இதை முதலில் ஒப்புக்கொண்டு திட்டம் போடுங்கள்.

புக்கெட், கிராபி இரண்டும் அந்தமான் கடல் பக்கம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தப் பக்கம் கடல் கொந்தளிக்கும். ஹோட்டல் விலை சரிந்திருப்பதும் அந்த மாதங்களில்தான், நம் பள்ளிக் கோடை விடுமுறையின் கடைசி வாரங்களும் அதில் வந்து விழும். எதிர்ப்பக்கம் தாய்லாந்து வளைகுடாவில் இருக்கும் கோ சமுயிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். தேதியைப் பார்த்து எந்தப் பக்கம் என்று தேர்ந்தெடுங்கள்.

கடற்கரையில் சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் அளவுக்குக்கூட இறங்காதீர்கள். மேலே அலை சாதாரணமாகத் தெரியும், அடியில் நீர் கடலை நோக்கி இழுக்கும். இழுப்பில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நேராக நீந்திப் போராடக் கூடாது, மிதந்தபடி கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். அலையில் விழுந்தவரைக் காப்பாற்ற நீச்சல் தெரியாதவர் குதிப்பதால் ஒரு சாவு இரண்டாகிறது. மிதக்கும் பொருள் எதையாவது வீசிவிட்டுக் கத்தி ஆள் கூப்பிடுங்கள்.

தீவுச் சுற்றுலாப் படகில் ஏறும்போது உயிர்காப்பு அங்கியைக் கையில் வாங்கி இடுப்பு வார் பூட்டுகிறதா என்று இழுத்துப் பாருங்கள். பல படகுகளில் பெரியவர்களுக்கான அளவுதான் இருக்கும், குழந்தையின் தலை வழியாக நழுவிவிடும். குழந்தை அளவு இல்லையென்றால் அந்தப் படகில் போகாதீர்கள். வானிலை எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் ‘பணம் திரும்பத் தர மாட்டோம்’ என்று சொன்னால் அந்தப் பணம் போகட்டும். 2018 ஜூலை 5 அன்று புக்கெட்டுக்கு அருகில் புயல் காற்றில் ஒரு சுற்றுலாப் படகு மூழ்கி, சீனச் சுற்றுலாப் பயணிகள் 47 பேர் இறந்தார்கள்.

சமுய், கோ ஃபங்கன் பக்கத்துக் கடற்கரைகளில் சில இடங்களில் கம்பத்தில் வினிகர் பாட்டில் மாட்டியிருப்பார்கள். பெட்டி ஜெல்லி மீன் கொட்டினால் உடனே அதை ஊற்றுவதற்குத்தான். தேய்க்கவோ நல்ல தண்ணீரால் கழுவவோ கூடாது. வினிகர் ஊற்றி, மூச்சைக் கவனித்தபடி 1669க்கு அழையுங்கள்.

சட்டம் கடுமையாக இருக்கும் இடங்கள்

மன்னரையும் அரச குடும்பத்தையும் பற்றி எந்தக் கருத்தும் சொல்லாதீர்கள், கேலியாகக்கூட. குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவில் ஒரு குற்றத்துக்கு மூன்று முதல் பதினைந்து வருடம் வரை சிறை. சமூக ஊடகத்தில் எழுதுவதும் பகிர்வதும் அதில் அடங்கும். பாட் நோட்டில் மன்னர் படம் இருக்கிறது, காற்றில் பறக்கும் நோட்டைக் காலால் மிதித்து நிறுத்தக் கூடாது. காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பொது இடங்களில் தேசிய கீதம் ஒலிக்கும்போது எல்லாரும் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள்.

கஞ்சா பற்றி நம் இளைஞர்களிடம் ஒரு தவறான எண்ணம் பரவிக் கிடக்கிறது. 2022 ஜூனில் அதைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு இருந்தால்தான் கஞ்சாப் பூ விற்கலாம் என்று மறுபடி கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். கடைப் பலகைகள் இன்னும் தெருவெங்கும் தெரியும். மிட்டாய், பிஸ்கட், பானம் என்று அது எதில் வேண்டுமானாலும் கலந்திருக்கும், அதனால் பச்சை இலைப் படம் போட்ட எதையும் வாங்கித் தின்னாதீர்கள். பாங்காக்கிலிருந்து சிங்கப்பூர் வழியாகத் திரும்புகிறவர்கள் இரு மடங்கு கவனம் வேண்டும். சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. பைக்குள் மறந்துபோன ஒரு பொட்டலமும் அங்கே வழக்காகும்.

எங்கே போகக் கூடாது

யாலா, பட்டானி, நராதிவாட் மாகாணங்களிலும் சொங்க்லா மாகாணத்தின் சில மாவட்டங்களிலும் 2004 முதல் ஆயுதக் குழுக்களின் தாக்குதல் தொடர்கிறது. சுற்றுலாவுக்கு அங்கே போக வேண்டியதில்லை. ஹாட்யாய் நகரம் சொங்க்லாவில் இருந்தாலும் அங்கே மலேசியர்கள் நிறையப் போய்வருகிறார்கள். ஆண்டிறுதியில் போகிறவர்கள் மழையைப் பாருங்கள், 2025 நவம்பரில் நகரமே வெள்ளத்தில் மூழ்கியது.

கம்போடிய எல்லையில் 2025 ஜூலையிலும் டிசம்பரிலும் இரு நாட்டு ராணுவங்களும் மோதின, தரைவழிக் கடவைகள் மூடப்பட்டன. பாங்காக்கிலிருந்து பஸ்ஸில் அங்கோர்வாட் போகலாம் என்ற பழைய திட்டத்தை அப்படியே எடுக்காதீர்கள். நீங்கள் போகும் சமயத்தில் கடவை திறந்திருக்கிறதா என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள், விமானத்தில் போவது உத்தமம்.

‘டூரிஸ்டாக வா, வேலை இருக்கு’

இந்தப் பகுதியைப் பயணம் போகாதவர்களும் படிக்க வேண்டும், அண்ணன் தம்பி உள்ள எல்லா வீட்டுக்கும் இது தேவை.

வாட்ஸ்அப்பில் செய்தி வரும். தாய்லாந்தில் ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங்’, ‘டேட்டா என்ட்ரி’ வேலை, நல்ல சம்பளம், விமான டிக்கெட் அவர்களே தருவார்கள், இப்போதைக்குச் சுற்றுலாப் பயணியாக வந்துவிடு, வேலை விசா அங்கே மாற்றிக்கொள்ளலாம். பாங்காக்கில் இறங்கியதும் கார் காத்திருக்கும். அந்தக் கார் பாங்காக்கிற்குள் போகாது. மணிக்கணக்கில் மேற்கே ஓடி மே சோட் என்ற எல்லை ஊரில் நிற்கும். அங்கே மோய் ஆற்றைக் கடத்தி மியான்மரின் மியாவதிப் பக்கம் கொண்டுபோய்விடுவார்கள். வேலி போட்ட வளாகத்துக்குள் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, இணையத்தில் மற்ற நாட்டவரை ஏமாற்றிப் பணம் பறிக்க வைப்பார்கள். மறுத்தால் அடி. விடுவிக்கப் பணம் கேட்பார்கள்.

இது கதை இல்லை. 2022 அக்டோபரில் மியாவதியில் சிக்கியிருந்த தமிழக இளைஞர்கள் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்கள் இரண்டு நாளில் 549 இந்தியர்களை மே சோட்டிலிருந்து அழைத்து வந்தன. சென்னை விமான நிலையத்தில் தனியாகப் போகும் இளைஞனை அத்தனை கேள்வி கேட்பது இதனால்தான்.

வேலை உண்மையானதா என்று பார்க்க வழி இருக்கிறது. ஆள் எடுக்கும் முகவர் இந்திய அரசில் பதிவு செய்தவரா என்று ‘இ-மைக்ரேட்’ தளத்தில் தேடுங்கள். தாய்லாந்தில் வேலைக்குப் போகிறவருக்குக் கிளம்பும் முன்பே அதற்குரிய விசா கையில் இருக்க வேண்டும். ‘வந்து மாற்றிக்கொள்ளலாம்’ என்று யார் சொன்னாலும் பேச்சை அங்கேயே முறித்துவிடுங்கள். ஏற்கெனவே கிளம்பிவிட்ட ஒருவர் சொன்ன ஹோட்டலில் இல்லாமல் வண்டியில் எங்கோ போய்க்கொண்டிருந்தால், இருக்கும் இடத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் பங்க்கிலோ செவன்-இலெவன் கடையிலோ இறங்கி 191க்கோ 1155க்கோ அழைக்க வேண்டும். ஆற்றைக் கடந்தபின் தாய் போலீஸால் எதுவும் செய்ய முடியாது.

ஏதாவது நடந்துவிட்டால்

போலீஸ் 191, சுற்றுலாப் போலீஸ் 1155, ஆம்புலன்ஸ் 1669. மூன்றையும் போனில் மட்டுமில்லாமல் ஒரு தாளிலும் எழுதிப் பெற்றோரின் பையில் வையுங்கள்.

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் பக்கத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். அப்புறம் பாங்காக்கில் சுகும்வித் 23ஆம் சந்திலுள்ள இந்தியத் தூதரகம். வடக்கே இருப்பவர்களுக்குச் சியாங் மாயில் துணைத் தூதரகம் இருக்கிறது. அவசரச் சான்று கொடுப்பார்கள், அதை வைத்து ஊர் திரும்பலாம். ஆனால் அதில் நீங்கள் நாட்டுக்குள் வந்த முத்திரை இருக்காது. இமிக்ரேஷன் அலுவலகத்தில் அதைச் சரிசெய்துகொண்டுதான் விமான நிலையம் போக வேண்டும். இதற்கு நாள் ஆகும், இடையில் சனி ஞாயிறு வந்தால் இன்னும் ஆகும். பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்கள், வருகை முத்திரை, இரண்டு புகைப்படம் எல்லாம் மின்னஞ்சலில் இருந்தால் வேலை பாதியாகக் குறையும்.

போலீஸ் பிடித்தால் தாய் மொழியில் எழுதிய எதிலும் புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும், இந்தியத் தூதரகத்துக்குச் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். இரண்டும் உங்கள் உரிமை.

திரும்பும்போது

புத்தர் சிலைகளை நுண்கலைத் துறையின் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு எடுத்துப்போகக் கூடாது. கடையில் விற்றார்கள் என்பது அனுமதி ஆகாது. ஆமைக்குஞ்சு, பாம்பு, குரங்குக்குட்டி என்று பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளில் சென்னை சுங்கத்துறை திரும்பத் திரும்பப் பிடிக்கிறது. உயர்ரகக் கஞ்சாவும் அப்படித்தான். பிடிபடுகிறவர்களில் பலர் சில ஆயிரம் ரூபாய்க்கும் இலவச டிக்கெட்டுக்கும் பெட்டி சுமந்தவர்கள்.

ஹோட்டலில் பழகிய ஒருவர், ஊர்க்காரர், தமிழில் அன்பாகப் பேசுகிறவர், ‘அக்கா, சென்னையில் என் தம்பி வந்து வாங்கிக்குவான், சாக்லேட்தான்’ என்று ஒரு பையை நீட்டலாம். வாங்காதீர்கள். சங்கடமாக இருந்தாலும் வாங்காதீர்கள். உங்கள் பெயர் ஒட்டிய பெட்டிக்குள் இருப்பதற்குச் சட்டத்தின் முன் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். கடைசி நாள் பெட்டியை நீங்களே கட்டுங்கள், பூட்டிய பிறகு விமான நிலையம் வரை கண் பார்வையிலேயே வைத்திருங்கள். சென்னையில் பெட்டி வளையத்திலிருந்து எடுக்கும்போது பூட்டு உடைந்திருந்தாலோ, ஜிப் இடம் மாறியிருந்தாலோ அதைத் தள்ளிக்கொண்டு வெளியே போகாதீர்கள். திறக்காமல் அப்படியே விமான நிறுவனத்தின் கவுண்டரில் சொல்லி, சுங்க அதிகாரி முன்னிலையில் திறக்கச் சொல்லுங்கள்.